பதினோரு ஆடும் ரெண்டு அண்டா குஸ்காவும்

காந்திமதிக்கு எதுவானாலும் ஏன், எப்படி என்று தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் சோறு இறங்காது. அன்று விடிந்தபோது பதினோரு ஆடு வயிறு உப்பிச் செத்துக் கிடந்தன. வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுது தீர்த்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓர் ஆட்டைக் கீறிப் பார்த்தாள். இரைப்பை முழுக்கக் குஸ்கா. அப்பப்பா, பொங்கி வழிந்த இட்லி மாவு கெட்டால் வருமே, அந்த வாடை!

ராமநாதபுரத்துப் பக்கம் மழை பொய்த்ததால் மேய்ச்சல் தேடி வந்த ஆட்டுக் கிடை அது. கூடுவாஞ்சேரியிலோ காலி மனைக்கெல்லாம் வேலி போட்டுவிட்டார்கள். கல்யாண மண்டபத்து மேனேஜர் ஹிதாயத்துல்லாதான் பாவம் பார்த்து, முந்தின நாள் சாயங்காலம், கல்யாணத்தில் மிஞ்சிய குஸ்காவை ரெண்டு அண்டா கொடுத்தார். எலும்பும் தோலுமாக நின்ற ஆடுகள் முட்டி மோதித் தின்றதைப் பார்த்து இவளுக்குப் பெருமை வேறு. நாசமாய்ப் போன பெருமை!

நேரே மண்டபத்துக்குப் போனாள்.

"பாய், சோத்துல எதுவும் கலந்துருச்சா?"

"ஐயையோ, என்னம்மா இப்படிக் கேட்டுட்டே? நானும் அதைத்தான் சாப்ட்டேன். வீட்டுக்கும் கொண்டு போனேன்."

அப்படியானால் விஷமில்லை. திரும்பி வந்து ஆடுகளை நின்று நிதானமாகப் பார்த்தாள். முண்டியடித்துத் தின்ற வலுத்த ஆடுகள்தான் போயிருந்தன. கூட்டத்தில் நுழைய முடியாத நொண்டி ஆடு ஒரு வாய் தின்றிருந்தது. அது ஜம்மென்று அசை போட்டுக்கொண்டிருந்தது. அட, அளவுதான்! பட்டினி வயிற்றில் ஒரேயடியாகச் சோற்றைத் திணித்ததுதான் வினை.

மறுநாள் காலையில் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கிடைக்காரர்கள் கூடினார்கள். யார் தப்பும் இல்லாமல் ஒருவரின் ஆடு செத்தால், மற்ற ஒவ்வொரு கிடையும் அவருக்கு ஒரு பெட்டைக்குட்டி கொடுப்பது அவர்கள் வழக்கம். சொந்தத் தப்பில் போனால் ஒன்றும் கிடையாது.

பெரியவராக உட்கார்ந்திருந்த ஏகநாதன், அவள் வாயைத் திறக்கும் முன்பே முடித்துவிட்டார். "விஷப்பூண்டு தின்னுருக்கும். ஆளுக்கொரு குட்டி குடுத்துருவோம்."

மற்ற ஒன்பது கிடை, ஒன்பது குட்டி. தலையை ஆட்டினால் போதும். ஆட்டவும் செய்தாள், வெட்கத்தை விட்டு.

அப்போதுதான் பக்கத்துக் கிடை சத்யபிரியா சொன்னாள்: "நல்லவேளைக்கா, எங்களுக்கு அந்தப் பூண்டுக் கவலை இல்ல. வெள்ளிக்கிழமை மண்டபத்துப் பாய் சோறு தர்றேன்னிருக்காரு."

காந்திமதி சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். ஒன்பது குட்டியும் கண்ணுக்கு முன்னால் நின்றன.

"வாங்காத, தாயி. பூண்டு இல்ல. நான்தான் சோறு போட்டுக் கொன்னேன்."

யாரும் திட்டவில்லை. எவ்வளவு போட்டாய், எப்போது உப்பியது, தண்ணீர் காட்டினாயா என்று சுற்றி உட்கார்ந்து துருவித் துருவிக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சத்யபிரியா அங்கேயே பாய்க்குப் போன் போட்டு, சோறு வேண்டாம் என்றாள்.

ஏகநாதன் மட்டும் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் அவரே ஆரம்பித்தார்.

"போன வருஷம் என் ஏழு ஆடும் பாம்பு கடிச்சுச் சாகல. அதுவும் சோறுதான்."

காந்திமதி அவரையே பார்த்தாள். "அந்தப் பாம்புக்கு நானும் ஒரு குட்டி குடுத்தேனேண்ணே."

"உண்மையச் சொல்லியிருந்தா எனக்குக் குட்டி கெடைச்சிருக்காதே, தாயி."

"எனக்கும்தாண்ணே இப்பக் கெடைக்காது."