மூன்றாவது முறை கேட்பார்

வாகினோவுக்கு வீடு சொந்தம், வீடு நிற்கும் மண் சொந்தமில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேருடைய கதை அதுதான். அவன் அப்பா ஹாஜியார் துல்கமித்தின் வயலில் உழைக்க வந்தவர். ஹாஜியாரின் தோட்டத்து மூலையில் கல் பரப்பி, அதன் மேல் தேக்குத் தூண் நிறுத்தி வீடு கட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது. அப்பா இறந்தார், அதே உழைப்பை வாகினோ தொடர்ந்தான். ஹாஜியார் வீட்டில் கல்யாணம் என்றால் விறகு பிளப்பான், சாவு என்றால் குழி வெட்டுவான். கூலி என்று தனியாக எதுவும் கிடையாது. இருக்க இடம் கொடுத்திருக்கிறார்களே, அப்புறம் என்ன கூலி!

அந்த மண்ணை ஹாஜியார் ஒருநாள் தானாகவே கொடுக்க வந்தார். அறுவடைக் கந்தூரி அன்று பள்ளிவாசல் தாழ்வாரத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது.

"வாகினோ, அந்த மூலை இடத்தை உன் பேருக்கே எழுதி வாங்கிக்கப்பா. எனக்குப் பிறகு பசங்க என்ன செய்வாங்களோ."

வாகினோ தலையைக் குனிந்துகொண்டான். "வேணாம் ஹாஜியாரே. இருக்க இடம் கொடுத்ததே பெரிசு."

அதில் தப்பே இல்லை. எங்கள் ஊரில் ஒரு வாய் காப்பி கொடுத்தால்கூட முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாம் தடவையும் வேண்டாம். மூன்றாம் தடவை, "இவ்வளவு சொல்றீங்களே" என்று இழுத்தபடி கையை நீட்டலாம். முதல் தடவையே வாங்கிக்கொள்கிறவனை அலைகிறான் என்பார்கள். காப்பிக்கே இந்த மரியாதை என்றால் நிலத்துக்கு எவ்வளவு வேண்டும்?

பெருநாள் அன்று ஊர் வழக்கப்படி பெரியவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது ஹாஜியார் மறுபடி சொன்னார். பக்கத்தில் ஊர்த்தலைவர் சுராஜியும் இருந்தார். வாகினோ மறுபடி வேண்டாம் என்றான். வீடு திரும்பும் வழியெல்லாம் அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"இன்னும் ஒரு தடவைதான் பொனிரா," என்றான் மனைவியிடம். "அடுத்து கேட்டதும் சரின்னுடுவேன்."

"இப்பவே சரின்னா வாய் வெந்துடுமா? நாளைக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

"மானம் போயிடும்டி."

"அப்ப அந்த மானத்து மேலயே வீட்டைக் கட்டிக்குங்க, போங்க."

மழை தொடங்குவதற்குள் ஹாஜியார் வாதம் வந்து படுத்துவிட்டார். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சும் போனது. வாகினோ தினமும் போய்க் கட்டிலருகே உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டான். அன்பும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்த உதடு அசையும்போதெல்லாம் அவன் காதைக் கொண்டுபோய் அருகில் வைத்தான். வெறும் மூச்சுதான் வந்தது. அடுத்த அறுவடைக்கு முன் ஹாஜியார் கண்ணை மூடினார். குழி வெட்டியது வாகினோதான்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும் மகன் முக்தார் பேச்சை எடுத்தான். சுராபாயாவில் உரக்கடை வைத்திருப்பவன். தோட்டத்து மூலை ரோட்டை ஒட்டி இருப்பதால் அங்கே நெல் கிட்டங்கி கட்டப் போகிறானாம். அறுவடை முடிந்ததும் வாகினோ வீட்டை எடுத்துவிட வேண்டும்.

"தம்பி, அப்பா அந்த இடத்தை எனக்குத் தரேன்னாரு," என்றான் வாகினோ. "ஊரே கேட்டுச்சு."

முக்தார் கோபப்படவில்லை. கூட்டத்தைப் பார்த்தான். "அப்பா சொன்னாரா?"

"சொன்னாரு," என்றார்கள் நாலைந்து பேர்.

"இவரு என்ன சொன்னாரு?"

 சுராஜிதான் தொண்டையைச் செருமினார். "வேணாம்னான்."

"ஒரு தடவையா?"

"ரெண்டு தடவை."

"வேணும்னுதானய்யா வேணாம்னேன்!" வாகினோ கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "உங்களுக்கெல்லாம் தெரியாதா? நீங்க மட்டும் வேற எப்படிச் சொல்வீங்க? சுராஜி அண்ணே, நீங்களாவது சொல்லுங்களேன்."

தெரியாமல் என்ன? அங்கே இருந்த ஒவ்வொருவனும் சற்றுமுன் இரண்டு தடவை மறுத்துவிட்டுத்தான் காப்பியைக் குடித்திருந்தான். ஆனால் ஹாஜியாரின் வயலை அடுத்த போகத்துக்கு யாருக்கு வாரத்துக்கு விடுவது என்பது இப்போது முக்தாரின் கையில் இருந்தது. சுராஜி, தான் உட்கார்ந்திருந்த கோரைப்பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். வெட்கங்கெட்டவர்கள், வேறென்ன சொல்ல!

முக்தாரும் இந்த ஊரில் பிறந்தவன்தானே, கொஞ்சம் உறுத்தியிருக்கும். "சரிண்ணே. பின்னாடி மூங்கில் புதரை ஒட்டி ஒரு துண்டு சும்மாதான் கிடக்கு. வேணும்னா அதை எடுத்துக்குங்களேன்."

"ஐயோ, வேணாம் தம்பி. உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

அதைச் சொன்னது வாகினோவின் மனசு இல்லை, ஆயுசெல்லாம் பழகிப்போன நாக்கு. சொல்லி முடித்த பிறகுதான் அவன் காதிலேயே அது விழுந்தது. இன்னொரு தடவை கேட்கட்டும், மானமாவது மண்ணாவது, உடனே வாங்கிக்கொள்ளலாம் என்று முக்தாரின் வாயையே பார்த்தான்.

"சரி, உங்க இஷ்டம்," என்று முக்தார் எழுந்து செருப்பைத் தேடினான்.

கூப்பிட்டிருக்கலாம். வாகினோ குனிந்து செருப்பை எடுத்துக் கொடுத்தான். விஷயம் கேள்விப்பட்டு பொனிரா ஹாஜியார் வீட்டுக்கு ஓடினாள். அதற்குள் கார் கிளம்பிப் போயிருந்தது. முக்தார் மறுபடி ஊருக்கு வந்தபோது மூங்கில் புதர் துண்டைச் சுராஜி மாட்டுக்கொட்டகைக்கென்று முந்திக் கேட்டு வாங்கிக்கொண்டார். கொடுக்கிறேன் என்றதுமே சரி என்றாராம். பொனிரா அதைக் கேட்டுவிட்டு வாகினோவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தூக்கமாவது வந்திருக்கும்.

அறுவடை முடிந்தது. கூரை ஓடுகளை இறக்கி, தட்டிச் சுவரைக் கழற்றி, தூண்களுக்குக் குறுக்கே மூங்கில் கட்டி, வீட்டை அப்படியே தூக்கிப்போக ஊர் ஆண்கள் மொத்தமும் தோள் கொடுக்க வந்தார்கள். இதற்குக் கூலி வாங்க மாட்டார்கள், வீட்டுக்காரர் சாப்பாடு போட்டால் போதும். பொனிரா முட்டையிடும் கோழிகளை அறுத்துச் சமைத்தாள். தன்னைக் கிளப்ப வந்தவர்களுக்குத் தானே காரம் பார்த்து, உப்புப் பார்த்துக் குழம்பு வைத்தாள்.

"எங்கே இறக்கறது?" என்று முன்னால் நின்றவன் கேட்டான்.

வாகினோவுக்கு இடம் கொடுக்க யாரும் முன்வரவில்லை. மிச்சம் இருந்தது ஆற்றோரப் புறம்போக்குதான். "பாசன ஆபீஸ்காரங்க வந்து விரட்டற வரைக்கும் இருந்துக்க," என்றார் சுராஜி. சொல்லிவிட்டு அவரும் ஒரு தோள் கொடுத்தார். கத்திக்கொண்டும் கேலி பேசிக்கொண்டும் வீட்டைச் சுமந்து போனார்கள். வாகினோ அடிக்கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தான்.

ஆற்றங்கரையில் இறக்கி வைத்துவிட்டு வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். குழம்பு பிரமாதம் என்றார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள்.

மழைக்கு முன் வாய்க்கால் வெட்டிவிடலாம் என்று வாகினோ வாசலில் மண்வெட்டியைப் போட்டான். கோடையின் உச்சம் அது, நெல் வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. இங்கே முழங்கால் ஆழம்கூட ஆகவில்லை, குழியின் அடியிலிருந்து தண்ணீர் கொப்பளித்து வந்தது.

பொனிரா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து குழியைப் பார்த்தாள். ஆற்றைப் பார்த்தாள். வீட்டை நிமிர்ந்து பார்த்தாள்.

"மூடுங்க," என்றாள்.

"பொனிரா..."

"மூடிடுங்க. நான் இதைப் பாக்கல."

வாகினோ மண்ணைத் தள்ளி மூடினான். கெட்டிப்படட்டும் என்று மேலே ஏறி மிதித்தான். மிதிக்க மிதிக்க அவன் பாதத்தைச் சுற்றித் தண்ணீர் மேலே வந்துகொண்டே இருந்தது.