கண்டக்டரம்மாவின் மணி

நான் நர்ஸாக இருக்கும் வார்டில் எல்லாப் பேச்சும் கால்களைப் பற்றித்தான். ரத்த ஓட்டம் குறைந்த கால்களோடு வருகிறவர்களைச் சேர்க்கிற இடம். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி, அதே பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இருவரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள், ஆனால் வேலையை விட்டபாடில்லை.

டிரைவருக்கு வலது காலில் ரத்தக்குழாய் அடைத்துப்போய், ஆபரேஷன் செய்து ரத்தம் போக வேறு வழி போட்டிருந்தார்கள். "டைவர்ஷன்" என்று அவரே எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். அந்தப் புது வழியும் அடைத்துக்கொண்டால் பாதத்தை எடுக்க வேண்டியதுதான். அதனால் பாதத்தின் மேல் நாடி துடிக்கும் இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டுவைத்து, அடிக்கடி விரல் வைத்துப் பார்ப்பேன்.

கண்டக்டரம்மா முதல் நாளே வெந்நீர்ப் பையோடு வந்தார். வாசலிலேயே பிடுங்கிக்கொண்டேன்.

"கால் சில்லுன்னு இருக்கே சிஸ்டர், பாவம்."

"உணர்ச்சி கம்மியான கால்மா. சூடு தெரியாது. தோல் வெந்து போனாலும் சிரிச்சுக்கிட்டே படுத்திருப்பாரு."

"ஆமா, வாயே திறக்க மாட்டாரு. என் சமையலையே இவ்வளவு வருஷமா சிரிச்சுக்கிட்டுதான சாப்பிடுறாரு!"

அந்த அம்மாவிடம் கோபமாகவே இருக்க முடியாது. தளர்வான காலுறை ஒன்றைக் கொடுத்து, குறியின் மேல் விரல் வைக்கக் கற்றுக்கொடுத்தேன். "லேசா வைங்க. துடிப்பு இல்லன்னா, கால் வெளுத்துப்போனா, உடனே மணி அடிங்க" என்று கட்டிலோரப் பொத்தானையும் காட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. இரண்டு தடவை. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள் போல ஓடினேன். கண்டக்டரம்மா சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர். நாடி நல்லா ஓடுது. அதான் அடிச்சேன்."

"ஓடுனா எதுக்கும்மா அடிக்கணும்?"

"ஒரு மணி அடிச்சா நிறுத்தணும், ரெண்டு மணி அடிச்சா போகலாம். கை பழகிப்போச்சு."

டிரைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். எவ்வளவு சொல்லியும் பலனில்லை. நாடி பார்க்கும்போதெல்லாம் இரண்டு மணி. போகப்போக, அது கேட்டால் என் மனமும் லேசாகிவிடும். இருவரையும் எனக்கு அவ்வளவு பிடித்துப் போயிருந்தது.

ஒரு நாள் மத்தியானம் இன்னொருவரின் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. ஒரே ஒரு தடவை.

இரண்டாவதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. கட்டுப் போடுவதை இன்னொரு நர்ஸிடம் விட்டுவிட்டு ஓடினேன்.

பாதம் சுண்ணாம்பாய் வெளுத்துக் கிடந்தது. குறியின் மேல் விரல் வைத்தேன், துடிப்பு இல்லை. "என்ன கண்டக்டரம்மா, பஸ்ஸ நிறுத்திட்டியா?" என்று டிரைவர் சிரிக்கப் பார்த்தார். டாக்டர் வந்த வேகத்திலேயே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். கண்டக்டரம்மா அந்த ஒற்றைக் காலுறையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் டிரைவரை மயக்கத்தோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். அடைப்பை எடுத்தாகிவிட்டது, இனி நாடிதான் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். மருந்து போட்டுத் துடைத்ததில் குறி அழிந்து போயிருந்தது. தடவித் தடவித் தேடினேன். கண்டக்டரம்மா கிட்டவே வரவில்லை.

"நீங்களே பாருங்க சிஸ்டர். எனக்குக் கை வரல."

விரலடியில் மெல்ல ஒரு துடிப்பு. என் விரலின் துடிப்போ என்று சந்தேகப்பட்டு எடுத்து, மறுபடி வைத்தேன். இல்லை, அவருடையதுதான். பாதமும் வெதுவெதுப்பாக இருந்தது. கட்டிலோரப் பொத்தானை எட்டிப் பிடித்து நானே இரண்டு தடவை அடித்தேன்.

கண்டக்டரம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். டிரைவர் கண்ணைத் திறக்கவில்லை. அவருடைய வலது பாதம் மட்டும், ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதுபோல, மெதுவாக முன்னால் அழுந்தியது.