போயிட்டு வா, அக்கா

பெட்டியை மூடிவிட வேண்டாம், நான் வருகிறேன் என்று ரெனான்டே சொல்லி அனுப்பியிருந்தான். வருவது என்றால் நேரில் இல்லை, போனில். ஃப்ளோரிடாவிலிருந்து கிளம்பிய சொகுசுக் கப்பலில் படுக்கை விரிப்பு மாற்றுகிறவன் நடுக்கடலிலிருந்து சொந்த ஊரான இலோய்லோவுக்கு வேறு எப்படி வருவான்? ஒப்பந்தத்தின் நடுவில் இறங்கினால் மறுபடி ஏற்ற மாட்டார்கள். ஊரில் அடுப்பு எரிவது அவன் சம்பளத்தில்.

ஊருக்கும் இது தெரியும். வீட்டுக்கு ஒருவர் கடலில் இருக்கிற ஊர் அது. எனவே செத்துப்போன அவன் அக்கா லிகாயாவின் உடம்பு கெடாமலிருக்க மருந்தேற்றி, கண்ணாடி பதித்த பெட்டியில் கூடத்தில் வைத்து, ஊர் வழக்கப்படி ஜெபமும் சீட்டாட்டமுமாக அடக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனார்கள். வியாழக்கிழமை கப்பல் ஒரு தீவில் நிற்கும். அங்கே மருந்துக்கடை வாசலில் வைஃபை இலவசம். கப்பல் ஆட்கள் பாதிப் பேர் அந்த நடைபாதையில் உட்கார்ந்துதான் குடும்பம் நடத்துகிறார்கள்.

அக்காவைப் பார்க்க மட்டும் என்றால் போட்டோ போதும். ஆனால் அவன் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அம்மா செத்தபோது அவனுக்கு விவரம் தெரியாத வயது. லிகாயாதான் அவனை இடுப்பில் தூக்கிப் பெட்டிக் கண்ணாடிக்கு மேலே பிடித்து, "போயிட்டு வாம்மான்னு சொல்லுடா. நம்ம ஆளுங்க வாயால சொல்லலைன்னா செத்தவங்க வழி தெரியாம நிப்பாங்க" என்றாள். பிறகு கல்யாணத்தையும் தள்ளிப்போட்டு அவனைப் படிக்கவைத்துக் கப்பலேற்றினாள். துறைமுகத்தில் வைத்துச் சிரித்துக்கொண்டே, "எனக்கும் நீதான் சொல்லணும், மறந்துடாத" என்றாள்.

வியாழன் காலையில், அலை அதிகம், தீவில் நிற்கப் போவதில்லை என்று கேப்டன் ஒலிபெருக்கியில் வருத்தப்பட்டார். பயணிகள் ஒரு 'ச்சே' சொல்லிவிட்டு நீச்சல் குளத்துக்குப் போனார்கள். ரெனான்டே கையில் விரிப்போடு அப்படியே நின்றான். அடக்கம் மறுநாள் காலை. இதற்கு மேல் உடம்பு தாங்காது.

மிச்சம் இருந்தது கப்பலின் நெட் கார்டு. முகம் பார்த்துப் பேசுகிற கார்டு இருபது நிமிடத்துக்கு அவனுடைய மூன்று நாள் சம்பளம். கையில் இருந்ததையெல்லாம் ஏற்கெனவே பெட்டிக்கு அனுப்பிவிட்டான்.

அவனோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் டோதொங், ஊழியர் சாப்பாட்டுக் கூடத்தில் தொப்பியை நீட்டிக்கொண்டு மேசை மேசையாகப் போனான்.

"இவன் அக்கா செத்துட்டாங்க. ஆளுக்குக் கொஞ்சம் போடுங்கப்பா."

"பூவுக்கா, மெழுகுவத்திக்கா?" என்றார் சமையல்காரர்.

"நெட்டுக்குண்ணே."

"அட நாசமாப் போக! சாவுலயும் கப்பல்காரனுக்குத்தான் மொய் எழுதணுமா?" என்று திட்டிக்கொண்டே அவர்தான் முதலில் போட்டார்.

சிக்னல் நன்றாக வருவது ஐஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில். அங்கே நின்று ரெனான்டே கூப்பிட்டான். ஊரில் அப்போது இரவு, வீடு நிறைய ஜனம். அக்கா மகள் மரிவிக் எடுத்தாள். "மாமா! எல்லாரும் வாங்க, மாமா லைன்ல!"

அங்கேதான் எல்லாம் கெட்டது. முதலில் பெரியப்பா அம்போ போனை வாங்கினார். பெரியவரைப் பார்த்தால் அவர் கையை நெற்றியில் ஒற்றிக்கொள்ளாமல் முடியுமா? ரெனான்டே திரையிலேயே நெற்றியை வைத்தான்.

"சாப்பிட்டியாடா?"

"சாப்பிட்டேன் பெரியப்பா."

"என்ன சாப்பிட்ட?"

"சோறும் மீனும். பெரியப்பா, அக்காவை..."

"மீனா? நல்லது, நல்லது. இரு, உங்க சித்தி கேக்குறா."

சித்தி பாதி அழுதாள், பாதி ஏசினாள். "எப்படி இளைச்சுட்டடா! அம்மாம் பெரிய கப்பல்ல சோறு போட மாட்டானா?" சீட்டாடுகிறவர்கள் சீட்டைக் கவிழ்க்காமல் கையசைத்தார்கள். ஊர்த் தலைவர் போனை வாங்கி, கடலில் உழைக்கும் தம்பிகள்தான் இந்த ஊரின் பெருமை என்று மைக் பிடித்தவர்போல ஆரம்பித்தார். ஒருவரும் கெட்டவரில்லை. அவர்களுக்கு அவசரமும் இல்லை. செத்தவள் எங்கே எழுந்து போய்விடப் போகிறாள்? 'கொஞ்சம் நிறுத்துங்க' என்று ரெனான்டே சொல்லியிருக்கலாம்தான். மூத்தவர் பேச்சில் குறுக்கே போகிற பிள்ளையாக லிகாயா அவனை வளர்க்கவில்லை.

திரை ஓரத்தில் நேரம் சிவப்பாகிவிட்டது. டோதொங் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"மரிவிக், அம்மாகிட்ட கொண்டுபோ."

"இதோ மாமா. முதல்ல உங்க பேர் போட்ட மலர்வளையத்தைப் பாருங்க, எவ்வளவு பெருசா..."

"அக்காவைக் காட்டுடீ!"

கண்ணாடியில் ட்யூப் லைட் வெள்ளையாக அடித்தது. "சாய்ச்சுப் பிடி" என்றான். வெளிச்சம் விலகியது. ஜெபமாலை சுற்றிய விரல்கள், தாடை, யாரோ சாயம் பூசிவிட்ட உதடு, அக்கா. அவன் வாயைத் திறந்தான்.

உங்கள் நேரம் முடிந்தது. மேலும் வாங்க விருப்பமா? திரையில் அந்த எழுத்துக்குக் கீழே சிரிக்கிற சூரியன் படம்.

டோதொங் தன் போனை நீட்டினான். "எழுத்து மட்டும் போற கார்டு எங்கிட்ட கொஞ்சம் இருக்கு. சொல்ல முடியலைன்னாவது எழுதிப் போடு."

"வேணாம். எழுதினா, நான் வாயால சொல்லலைன்னு தெரிஞ்சு மரிவிக் பெட்டியை மூடவே விட மாட்டா. இந்த வெயில்ல அக்காவை இன்னும் வச்சுக் கெடுக்கணுமா?"

டோதொங் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ரெனான்டே வேலைக்குத் திரும்பினான். அவன் துடைக்கப் போன அறையில் ஆள் இல்லை. ஏதோ குழந்தை விட்டுப்போன டேப்லெட்டில் பொம்மைப் படம் யாருக்காகவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பயணிகள் பொருளைத் தொட்டால் வேலை போய்விடும். அதைச் சுற்றி விரிப்பைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தான்.

கப்பல் அடுத்த துறைமுகத்தில் நிற்பதற்குள் லிகாயா மண்ணுக்குள் போய்விட்டாள். இலவச வைஃபை உள்ள வறுத்த கோழிக் கடை வாசலில் நடைபாதையில் உட்கார்ந்ததும் அவன் போனில் படங்கள் கொட்டின. ஒன்றில், பெட்டிக் கண்ணாடியின் மேல் மரிவிக்கின் போன் படுத்திருந்தது. அதில் உறைந்துபோன அவன் முகம், வாய் பாதி திறந்தபடி. சுற்றிலும் பெரியப்பா, சித்தி, ஊர்த் தலைவர், சீட்டாடியவர்கள், எல்லோரும் மண்டியிட்டிருந்தார்கள்.

மரிவிக் குரல்செய்தியும் அனுப்பியிருந்தாள். "மாமா, படம் நின்னுடுச்சு, சத்தமும் வரல. ஆனா நீங்க வாயைத் திறந்திருந்தீங்க. நமக்குத்தான் கேக்கல, அவன் அக்காகிட்ட பேசிட்டுதான் இருக்கான்னு பெரிய தாத்தா சொன்னாரு. யாரும் மூச்சு விடக் கூடாதுன்னு எல்லாரும் மண்டி போட்டோம். நீங்க சொல்லி முடிக்கட்டும்னு ரொம்ப நேரம் இருந்தோம் மாமா. காலைல நிம்மதியா மூடினோம். சொல்லிட்டீங்கல்ல?"

ரெனான்டே அதை இரண்டு தரம் கேட்டான். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான்.

'சொல்லிட்டேன்' என்று எழுதி அனுப்பினான். இங்கே நெட்டுக்குக் காசு கேட்கவில்லை. உடனே போய்ச் சேர்ந்தது.