மரகதம் அக்காவின் புளி உருண்டைகள்

எங்கள் தீவில், மின்னி பே என்ற பகுதியில் நான் குடியிருந்த மாடி அறைக்கு வாடகை குறைவு, அறிவுரை அதிகம். புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்று நான் சொன்ன நாளிலிருந்து கீழ்வீட்டு மரகதம் அக்கா என்னைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார். அங்கே ரசம் வைக்கத் தெரியுமா என்று கேட்டார். அந்த மரத்தின் பழமும் விதையும் மரத்துக்கு மரம் எவ்வளவு மாறுகின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. அதைக் கேட்டதும் சிரித்துவிட்டார். புளி புளிதானாம், இதற்கு எவனாவது பட்டம் கொடுப்பானாம்.

நான் விடவில்லை. ரங்கத், பாராடாங், எங்கள் தெருமுனை என்று தீவு தீவாக அலைந்து, ஒவ்வொரு மரத்துப் பழத்தையும் தனித்தனிச் சாக்கில் போட்டு மொட்டைமாடியில் வைத்தேன். ஓட்டோடு அளக்க வேண்டும், நிறுக்க வேண்டும், ஒரு பழத்தில் எத்தனை கொட்டை என்று பார்க்க வேண்டும். அதற்கு முன் கடைசி மரத்துக்காக மறுபடி ரங்கத் போனேன். திரும்புவதற்குள் இங்கே மழை பெய்துவிட்டது.

மாடியில் ஒரு சாக்கும் இல்லை. கீழே அக்கா கை கழுவிக்கொண்டிருந்தார்.

"பாரிஷ் வந்துடுச்சும்மா. நனைஞ்சா பூஞ்சை பிடிச்சிடுமேன்னு நானே ஓடு உடைச்சு, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு உருட்டி வச்சிட்டேன். நீ எதுக்கு ஒத்தையில கஷ்டப்படணும்?"

அவ்வளவு புளியும் ஜாடியில் உருண்டை உருண்டையாக இருந்தது. கொட்டை முழுவதும் ஒரே டப்பாவில் கலந்து கிடந்தது. உதவி செய்தவரைத் திட்டவும் முடியவில்லை. மாடிக்குப் போய் அழுது தீர்த்தேன்.

இனி அடுத்த பருவம்தான். அதற்கு என் கைடு நந்தகுமார் சார் இன்னொரு வருடம் தர வேண்டும். மெயின்லேண்டிலிருந்து மூன்று நாள் வேலையாக வந்தவர், இங்கே குடியேறியவர்கள் கொண்டுவந்த விதையில் என்ன பெரிய வித்தியாசம் இருக்கப்போகிறது, தலைப்பை மாற்றிவிடு என்றார். கடைசி மரத்துப் பழம் மட்டும் என்னிடம் இருந்தது. ஒரே மரத்தை வைத்துக்கொண்டு எந்த வித்தியாசத்தைக் காட்டுவது?

வந்தவரைப் பட்டினி போட அக்காவுக்கு மனசு வராது. முதல் நாள் ரசத்தை சார் டம்ளரில் வாங்கிக் குடித்தார். மறுநாள் ஒரு வாய் வைத்ததும் அவருக்கு ஒரு கண் மூடிக்கொண்டது. மூன்றாம் நாள் ரசம் பாயசத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சார் நல்லவர், ஆனால் வாய் சும்மா இருக்காது. முதல் நாள் கைப்பக்குவம் எங்கே போச்சு என்று கேட்டேவிட்டார்.

தெருவே புகழும் ரசம் அது. அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"என் கையில ஒரு குறையும் இல்ல சார். அதே தண்ணி, அதே உப்பு, அதே எலுமிச்சங்காய் அளவு புளி. சாக்கு சாக்காப் பிரிச்சு உருட்டினேன், ஒரு உருண்டை ஒரு மரம். மரத்துக்கு மரம் புளி மாறுனா நான் என்ன பண்ண?"

சார் என்னைப் பார்த்தார், பிறகு தட்டைப் பார்த்தார். எனக்கு அக்காவைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. நான் தொண்டை வறள வாதாடியும் அசையாத மனிதர், அன்று மாலையே ஒரு வருடம் நீட்டித்துக் கையெழுத்துப் போட்டார்.

அவர் கிளம்பியதும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். மானத்தை வாங்கிய மரம் எது என்று தெரிந்தாக வேண்டுமாம், அடுத்த பருவத்துக்கு அவரும் என்னோடு வருகிறாராம்.

சந்தோஷமாகத் தலையாட்டினேன். மறுநாள் கடைத்தெருவுக்குப் போய் மொட்டைமாடிக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கினேன்.