மைத்துனன் எடைக்கு ஒரு ஃபோர்க்

பிரேக்கைத் தொட்டால் போதும், என் குரூசர் பைக் கும்பிடு போடும். முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க் இரண்டும் சரேலென்று உள்ளே இறங்கி வண்டி தலைகுனிய, பின்னால் இருக்கும் என் மனைவியின் மோவாய் என் முதுகெலும்பில் வந்து இடிக்கும். ஒருமுறை நாய்க்குட்டி ஒன்றுக்காகப் பிரேக் போட்டேன். வண்டி குனிந்த குனிப்பில், முன் மட்கார்டு சாலையில் கிடந்த ஆணியைப் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தது. நம்பாதவர்களுக்குக் காட்ட ஆணியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

"இன்னொரு தடவை இடிச்சா, தங்கச்சி வீட்டுக்கு நான் பஸ்லயே போய்க்கறேன். நீங்களும் உங்க வண்டியும் குனிஞ்சு நிமிந்து விளையாடுங்க" என்றாள் மனைவி.

ஞாயிறுதோறும் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிற அந்த ஒரு சவாரிக்காகத்தான் வண்டியே வைத்திருக்கிறேன். மெக்கானிக்கிடம் ஓடினேன்.

"ஆயிலையும் ஸ்பிரிங்கையும் மாத்திடலாம். ஆனா ஓட்டறவர் எடைக்குத்தான் ஸ்பிரிங் பாக்கணும். உக்காந்து காட்டணும்" என்றார் அவர்.

கூடவே மைத்துனனும் வந்திருந்தான். யாரும் கூப்பிடவில்லை, ஸ்பானர் சத்தம் கேட்டால் வந்துவிடுவான். அவன் லிஃப்டில் ஏறினால் உள்ளே இருப்பவர்கள் மரியாதையாக இறங்கிப் படியில் போவார்கள். அந்த நேரம் பார்த்து மனைவி போனில் கூப்பிட்டாள். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று வெளியே போனேன். பேசிவிட்டு வந்தால், "அளவு எடுத்தாச்சு, நாளைக்கு வாங்க" என்றார் மெக்கானிக். பார்வையாலேயே எடை போடுகிறாரே என்று வியந்துகொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிறு காலை. முனை திரும்பியதும் ஒரு சின்னக் கல். ஃபோர்க் ஒரு நூல்கூட இறங்கவில்லை. நாங்கள்தான் ஏறினோம். மின்கம்பியில் இருந்த காக்கை நகர்ந்து இடம் விட்டது.

கீழே வந்து சேர்ந்ததும் மனைவி மறுபடி வண்டியில் ஏற மறுத்துவிட்டாள். மெக்கானிக் கடை வரைக்கும் நடந்தே வந்தாள். அங்கே மைத்துனன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"யாரய்யா உக்காந்து காட்டினது?" என்று கத்தினேன்.

"சீட்டு சும்மாதானே இருந்துச்சு அத்தான்! நீங்க போன்ல இருந்தீங்க" என்றான் அவன்.

"ஹேண்டிலைப் பிடிச்சு உக்காந்தவரைத்தானே நான் ஓட்டறவர்னு நினைப்பேன்?" என்றார் மெக்கானிக். "விடுங்க, உங்க எடைக்கு வேற போட்டுத் தர்றேன்."

"அதுக்கு முன்னாடி ஒரு சுத்து வா அக்கா" என்றான் மைத்துனன்.

போனார்கள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில், கல்யாணத்தன்று நான் பார்த்திருக்கவேண்டிய சிரிப்பு.

"தொட்டில் மாதிரி போகுதுங்க! இதுல யாராவது கை வச்சீங்க, தெரியும் சேதி!"

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

இப்போது ஞாயிறுதோறும் அக்காவும் தம்பியும் என் வண்டியில் தங்கை வீட்டுக்குப் போகிறார்கள். நான் பஸ்ஸில் போகிறேன். என் ஹெல்மெட் அவன் தலையில் நுழையாததால் அது மட்டும் என்னோடு வருகிறது. டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் முன்சீட்டுக் கம்பி மோவாயில் இடிக்கிறது. அதனால் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.