காலரில் மறந்த மைக்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இது என் கதை இல்லை. நகரத்தின் ஆரோக்கியம் பற்றிப் பதின்ம வயதினர் எடுத்த மூன்று நிமிட ஆவணப்படங்களுக்கு என்னை நடுவராகப் போட்டிருந்தார்கள். கொசு, குப்பை, குடிநீர் என்று பதினோரு படம் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தபோது, பன்னிரண்டாவது படத்தை எடுத்தவள் கதவைத் தட்டினாள். வீட்டில் அவளை வாலு என்று கூப்பிடுவார்களாம். வயது பதினாறு. முகம் பேயறைந்ததுபோல் இருந்தது. மாலை ஐந்து மணிக்குத் திரையிடல்.

2

முதல் வரி: 'நகரம் சோம்பல் முறித்து எழுந்தது...'

(அடித்துவிட்டேன். நகரம் எங்கே சோம்பல் முறிக்கும்?)

மறுபடியும்: வாலுவின் அப்பா பஸ் டிரைவர். டிரைவர்களின் தூக்கம் பற்றித்தான் அவள் படம். நேற்று அவரை நாற்காலியில் உட்கார வைத்து, காலரில், தானே பதிவுசெய்துகொள்ளும் சின்ன மைக்கைக் குத்திப் பேட்டி எடுத்தாள். "எனக்கென்னம்மா, படுத்தா கட்டை மாதிரி தூங்குவேன்" என்று சிரித்தார். கேமராவை நிறுத்தினாள். மைக்கைக் கழற்ற மறந்துவிட்டாள்.*

* நானாகக் கற்பனை செய்திருந்தால் இவ்வளவு எளிதாக எழுதியிருக்க மாட்டேன்.

3

இன்று காலை ஒலியைச் சரிபார்த்தபோது, பேட்டிக்குப் பிறகு அவர் சமையலறையில் அம்மாவிடம் பேசியதும் கேட்டது.

"முந்தாநேத்து பாலத்து மேல கண்ணு இருட்டிடுச்சு. எப்படி பிரேக் போட்டேன்னே தெரியல."

"ஐயோ! டாக்டர்கிட்ட போங்களேன்."

"போனா வண்டியத் தர மாட்டாங்க. பிள்ளைக்குத் தெரிய வேணாம்."

[இங்கே அம்மாவின் கண்ணீர் பற்றி நான்கு வரி இருந்தது. அந்த அம்மாளை நான் பார்த்ததே இல்லை. எடுத்துவிட்டேன்.]

4

முடிவு ஒன்று: அந்தப் பேச்சைப் படத்தில் சேர்க்கிறாள். அரங்கமே கைதட்டுகிறது. அப்பாவுக்கு வேலை போகிறது. பரிசை வாங்கிக்கொண்டு அவள் எந்த வீட்டுக்கு... (சீ.)

முடிவு இரண்டு: அழித்துவிடுகிறாள். அப்பா தினமும் நாற்பது பேரைப் பத்திரமாக இறக்கிவிட்டு... இதை எழுதும்போது எனக்கே பயமாக இருந்தது.

முடிவு மூன்று: நடுவர் பணிமனைக்குப் போன் செய்து

5

அவள் எதிரே கையைப் பிசைந்துகொண்டிருக்க, நான் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். படித்தும் காட்டினேன். வெட்கமாக இருக்கிறது.

"படம் கிடக்கட்டும் சார். அப்பாவுக்கு ரெண்டு மணிக்கு டியூட்டி. ஒட்டுக்கேட்டேன்னு தெரிஞ்சா ஜென்மத்துக்கும் என்கூடப் பேச மாட்டார். சொல்லலன்னா..."

மணி ஒன்று ஐம்பது.

"நீங்க பெரியவங்கதானே, ஏதாச்சும் சொல்லுங்க!"

பேனாவை மூடிவைத்தேன். அவள் போனை எடுத்து அப்பாவின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, நான் எழுதிக்கொண்டிருந்த காகிதத்தின் மேலேயே வைத்தாள். மூன்றாவது ரிங்கில் அவர் எடுத்துவிட்டார். பின்னால் எஞ்சின் சத்தம்.

"என்னம்மா? வண்டில ஏறிட்டேன், சீக்கிரம் சொல்லு."

வாலு என்னைப் பார்க்கிறாள். நான் உங்களைப் பார்க்கிறேன். "வாலு, இருக்கியா?" என்று அவர் மறுபடியும் கேட்கிறார்.