குழியில் உட்காராத கட்டில்

"அப்பா, நம்ம கட்டில் ஏன் தரையைத் தொடாம நிக்குது?" என்று ஏழு வயது மகள் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில். கேள்வி நியாயமானதுதான். மெத்தையோடும் அதில் சாய்ந்திருந்த அம்மாவோடும் அந்தக் கட்டில் பதினொரு நாட்களாகத் தரைக்கு ஒரு சாண் மேலே நின்றுகொண்டிருந்தது. பெருக்க வசதிதான் என்று அக்கம்பக்கத்தார் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா மகளின் ஷூ லேஸை இரண்டாம் முறை கட்டினார்.

அவர் கடைத் தராசுகளைச் சோதிக்கும் ஆய்வாளர். கொஞ்சம் பிசகினாலும் விடமாட்டார் என்பதால் கடைக்காரர்கள் வைத்த பெயர் மில்லிகிராம். மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனபின் தாழ்வான கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தலாம் என்று அவரே இறங்கினார். மாடிவீட்டுத் தச்சர் எட்டிப் பார்த்தார். "சார், கட்டையில குழி வெட்டி அதுக்குள்ள காலை உக்கார வைங்க. சும்மா மேல வெச்சா நழுவிடும்." ஊர்த் தராசையெல்லாம் சரிபார்க்கிறவனுக்கு ஒரு கட்டிலா பெரிது என்று நினைத்துக்கொண்டு கண்ணளவிலேயே அறுத்தார். ஒரு கட்டை குட்டையாகிவிட்டது. 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்திய அலுவலக அட்டை ஒன்றை நான்காக மடித்து அதன்மேல் வைத்தார். ஆட்டம் நின்றது. மூன்றாம் நாள் காலை அவள் ஊன்றி எழும்போது கட்டிலின் கால் நழுவியது. கட்டில் சரிந்ததில் அவளுடைய மணிக்கட்டு முறிந்தது.

விசாரிக்க வந்தவர்களிடம், "செருப்பைக் கண்ட இடத்துல விட்டுட்டா, தடுக்கிடுச்சு" என்றார். "சின்ன வயசுலேருந்தே இவ இப்படித்தான். கண்ணு ஒரு பக்கம், காலு ஒரு பக்கம்" என்று அவளுடைய அக்கா சேர்த்துக்கொண்டாள். மனைவி மறுக்கவில்லை. அன்று மாலை கட்டில் கட்டைகளை விட்டு மேலே எழும்பியது. கடவுள் யாரையும் உரக்கத் திட்டுவதில்லை.

மகள் கேட்ட அன்று அவர் தச்சரிடம் உளி வாங்கி வந்தார். ஒரே அளவில் நான்கு கட்டைகளை அறுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் ஆழத்துக்குக் குழி வெட்டி, கால்களுக்கு நேர் கீழே வைத்தார். கட்டில் குழிகளுக்கு ஒரு விரல் மேலேயே நின்றது. மெத்தையின் மேல் இருபது கிலோ எடைக்கற்களை ஏற்றிப் பார்த்தார். நூலளவும் இறங்கவில்லை.

சனிக்கிழமை தலையணை உறையை மாற்றும்போது உள்ளே அந்த அட்டை இருந்தது, அதே நான்கு மடிப்போடு. முறிந்த கையோடு தரையில் கிடந்தவள், ஆட்கள் ஓடிவருவதற்குள் அதைப் பொறுக்கி மறைத்திருக்கிறாள். அவர் அதை இருந்த இடத்திலேயே வைத்தார். மறுநாள் கண்ணாடி பார்க்கக் கூசி, பார்க்காமலே சவரம் செய்து, கன்னத்தில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார்.

அந்த ரத்தம் காயுமுன்னே அக்கா வந்தாள். கட்டிலருகே மகளும் இருந்தாள். "அவ எதுலயும் தடுக்கல. நான்தான் கட்டையைத் தப்பா அறுத்தேன். அவமேல பழியையும் போட்டேன்" என்றார்.

"கிராம் கணக்கு பாக்கிறவருக்கு இதைச் சொல்ல இத்தனை நாளா?" என்றாள் அக்கா.

"விடுக்கா" என்றாள் மனைவி.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டிலின் நான்கு கால்களும் குழிகளுக்குள் இறங்கின. சத்தம் அதிகமில்லை. மகள் குனிந்து பார்த்து, "உக்காந்துடுச்சு" என்றாள். பிறகு எல்லோரும் காப்பி குடித்தார்கள்.

அதற்குப் பின் தினமும், வீட்டில் யாரும் எழுவதற்குமுன், அவர் மண்டியிட்டு நான்கு குழிகளையும் விரலால் தடவிப் பார்ப்பார். அப்படியே அவளுடைய செருப்புகளை ஜோடி சேர்த்து, இறங்கியதும் கால் நுழைகிற மாதிரி திருப்பி வைப்பார். அவள் கையின் மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் நிறுத்தவில்லை. இரவில் தானே அப்படி விட்டதாக அவள் நினைத்துக்கொண்டாள். "என் செருப்பு இருக்கிற ஒழுங்கை வந்து பாருக்கா, அப்புறம் பேசு" என்று ஒருநாள் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அடுத்த அறையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்து வேலைக்குப் போனார்.